புயல் ஓய்ந்த மூன்றாம் நாள்: கரைத்தூண்டில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: குளிர்காலம், புயல் அடித்து ஓய்ந்த கடல், கரையில் நின்று தூண்டில் போடுவது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாற்பது வருடமாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். நான் பிடித்த நல்ல மீன்களில் பாதிக்கு மேல், புயலுக்குப் பின் வந்த இரண்டு மூன்று நாட்களில் கிடைத்தவைதான். பயந்து நடுங்கியதும் அதே நாட்களில்தான். அதையும் கடைசியில் சொல்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23. தூண்டில் பழகி ஒரு வருடம்தான் ஆகிறது. போன மாதம் புயல் நின்ற மறுநாள் காலையிலேயே கடற்கரைக்குப் போனேன். ஆறு மணி நேரம் நின்றும் ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. இரையை அடியில் நிறுத்தும் ஈயக்குண்டு ஓரிடத்தில் நிற்கவில்லை, தூண்டில் நரம்பு முழுக்கப் பாசி. என் நண்பர் இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்குப் போய் ஐந்து பெரிய மீன் கொண்டுவந்தார். புயலுக்குப் பிறகு எந்த நாளில்தான் போவது?

பதில்: தம்பி, அந்த முதல் நாளிலும் மீன் பக்கத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் அது சாப்பிடும் நிலையில் இல்லை. உங்கள் இரையும் அது சாப்பிடும்படி ஓரிடத்தில் கிடக்கவில்லை.

புயலில் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே எழும் அலை மட்டும்தான். அடியிலும் வேலை நடக்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எவ்வளவு தூரமோ, அதில் பாதி ஆழம் வரை அலையின் அசைவு எட்டும். ஐந்து விநாடிக்கு ஒன்றாக வரும் சாதாரணக் காற்றலைக்கு ஆழ்கடலில் இந்தத் தூரம் சுமார் 39 மீட்டர். அதனால் 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அது எதையும் தொடாது. பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் பேரலைக்கோ தூரம் 156 மீட்டர். அது 78 மீட்டர் ஆழம் வரை போகும். எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிமணலைப் புரட்டுவது இப்படித்தான். ஒரு சாண், இரண்டு சாண் மணலுக்குள் பத்திரமாகக் கிடந்த புழு, சிப்பி, சிறு நண்டு எல்லாம் வெளியே வந்து விழும். பல நாள் தேடினாலும் கிடைக்காத தீனி, மீனுக்கு ஒரே ராத்திரியில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் முதல் நாள் அந்த மணல் இன்னும் தண்ணீரில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். செவுளில் மணல் ஏறும் தண்ணீரில், நிற்கவே முடியாத இழுப்பில், எந்த மீனும் மேயாது. நான் பார்த்த வரையில் அலை உடையும் இடத்துக்கு வெளியே, கொஞ்சம் ஆழத்தில் அது காத்திருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அலை தணியும்போது பருமணல் அடியில் படிந்துவிடும். மெல்லிய வண்டல் மட்டும் மிதந்து தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். கிளறிப்போட்ட தீனியும் இருக்கிறது, மறைந்து வர ஒரு திரையும் இருக்கிறது என்றால் மீன் உள்ளே வந்துவிடும். உங்கள் நண்பர் அந்த நேரத்தில் போயிருக்கிறார்.

இதற்கு நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், அலையைப் பாருங்கள். எழுந்து நின்று உடையப்போகும் அந்த ஒரு கணத்தில் அலையின் வயிற்றுப் பக்கம் தெரியும். அது ஈர மண்சுவர் மாதிரி வெளிச்சமே புகாமல் இருந்தால், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பால் விடாத தேநீர் மாதிரி, மேல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவினால், அன்று நின்று போடுங்கள். கண்ணாடி மாதிரி பச்சையாக, உள்ளே மிதக்கும் பாசித்துணுக்குகூடத் தெரிந்தால், பகலில் மீன் கரையோரம் வருவது குறைந்துவிட்டது, இருட்டின பிறகு வாருங்கள். நான் வேறு எந்தக் கருவியையும் இந்த அளவுக்கு நம்பியதில்லை.

காற்றையும் கவனியுங்கள். புயல் முடிந்து காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீச ஆரம்பித்தால் அலை வேகமாகப் படியும். அன்று இரண்டாம் நாளே போதும். காற்று இன்னும் கடலிலிருந்தே வீசினால் நான்காம் நாள்கூட ஆகலாம். ஒரே ராத்திரி அடித்து ஓய்ந்த சின்னப் புயலுக்கும், ஒரு வாரம் விடாமல் அடித்த புயலுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

கேள்வி: நூறு மீட்டருக்கு மேல் எறியக் கற்றுக்கொண்டேன். ஆனால் என் பக்கத்தில் நின்ற பெரியவர் முப்பது மீட்டர்கூட எறியாமல் மீன் மேல் மீனாக எடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை. தூரமாக எறிவது தவறா?

பதில்: தவறில்லை. நல்ல எறி கைவசம் இருப்பது சொத்து. ஆனால் புயலுக்கு மறுநாட்களில் தீனி கிடக்கும் இடம் எது என்பதைப் பொறுத்துத்தான் தூரம்.

புயல் கடற்கரையின் முகத்தையே மாற்றிவிடும். கரை மணலை அரித்துக் கொண்டுபோய், சற்று வெளியே ஒரு திட்டாகக் கொட்டிவைக்கும். அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். கிளறப்பட்ட தீனி உருண்டு உருண்டு அந்தப் பள்ளத்தில்தான் சேரும். மீனும் அதற்குள்தான் கரைக்கு இணையாக மேய்ந்துகொண்டு போகும். நீங்கள் நூறு மீட்டர் எறிந்தபோது இரை திட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். பெரியவர் பள்ளத்தில் போட்டிருக்கிறார்.

பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அலை தன் உயரத்தைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலான ஆழத்துக்கு வரும்போது உடையும். ஒரு மீட்டர் அலை ஓரிடத்தில் வெள்ளையாக உடைகிறது என்றால் அங்கே ஆழம் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். வெளியே உடைந்த அலை, நடுவில் நுரை அடங்கிப் படுத்து, மறுபடி கரையோரம் எழுந்து உடைகிறதா? அந்தப் படுத்த இடம்தான் பள்ளம். அதை மேலிருந்து பார்த்தால் இருண்ட பட்டையாகத் தெரியும். இன்னும் நல்ல வழி, தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு தடவை வெறுங்கையோடு வந்து நடந்து பார்ப்பது. போன மாதம் இருந்த பள்ளத்தை நம்பி இந்த மாதம் எறியாதீர்கள். புயல் அதை மூடியிருக்கும், வேறெங்கோ புதிதாக ஒன்று தோண்டியிருக்கும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் அந்தி நேரம், மூன்று கிலோ இருக்கும் ஒரு காட் மீன் (குளிர்ந்த கடலில் வாழும் மீன்), கரையிலிருந்து இருபத்தைந்து அடி தூரத்தில் மாட்டியது. வீட்டில் வயிற்றைக் கீறினேன். சவரக்கத்தி மாதிரி நீளமாக இருக்குமே, அந்தச் சிப்பியின் சதை ஏழெட்டு. ஓடு ஒன்றுகூட இல்லை. அலை ஓட்டை உடைத்துக் கொடுக்க, சதையை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கிறது. நடுவில் இரண்டு சிறு நண்டு, கால் மடங்கியபடி முழுதாக. எல்லாமே முழங்கால் ஆழத்தில் கிடைக்கும் சாமான். அன்றிலிருந்து குளிர்காலத்தில் என் முதல் எறி எப்போதும் கிட்டத்தில்தான். கால் நனையக் கரையில் இறங்கி நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். நாம் நிற்கும் இடத்தில்கூட மீன் மேயும்.

இரண்டு கோல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கிட்டத்திலும் ஒன்றைத் திட்டு ஓரத்திலும் போட்டுப் பாருங்கள். எதில் முதலில் கொத்துகிறதோ, அப்புறம் இரண்டையும் அங்கேயே போடலாம்.

கேள்வி: புயலுக்குப் பிறகு கரையில் சிப்பிகள் குவியல் குவியலாக ஒதுங்குகின்றன. அவற்றை இரையாகப் பயன்படுத்தலாமா? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாமா?

பதில்: இரைக்கு அதைவிட நல்லது கிடையாது. அந்தக் கரையில் மீன் அந்த வாரம் என்ன தின்கிறது என்பதைக் கடலே உங்கள் காலடியில் எழுதிப் போட்டிருக்கிறது. நான் தூண்டிலைப் பிரிப்பதற்கு முன்னால் ஒதுங்கின பாசி வரிசையோடு கால் மணி நேரம் நடப்பேன். சிப்பி கிடந்தால் சிப்பி, புழு கிடந்தால் புழு. சில கரைகளில் சிப்பி பொறுக்குவதற்கு அளவும் தடையும் உண்டு, அதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிச் சதை மிகவும் மென்மையானது. தூண்டில் முள்ளில் அப்படியே குத்தி எறிந்தால் காற்றிலேயே பிய்ந்து பறந்துவிடும். இரை கட்டுவதற்கென்று முடி போல மெல்லிய ரப்பர் நூல் கிடைக்கும். சதையை முள்ளின் தண்டோடு நீளவாக்கில் வைத்து, அந்த நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். முடிச்சுத் தேவையில்லை, இழுத்து அறுத்துவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். முள்ளின் முனை மட்டும் வெளியே பளிச்சென்று தெரிய வேண்டும். கலங்கல் தண்ணீரில் மீன் கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். காட் மீனுக்குத் தாடையின் கீழே ஒரு சிறு மீசை இருக்கும், அதனால் அடியைத் தடவி ருசி பார்த்துக்கொண்டே வரும். அதனால் வாசனை முக்கியம். இருபது நிமிடத்தில் இரை வெளுத்துப்போகும். வெளுத்த இரையில் மீன் இருக்காது, சுற்றி எடுத்துப் புதிதாகக் கட்டுங்கள்.

சமைப்பது வேண்டாம். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். பெருமழையில் கழிவுநீரும் வெள்ளமும் கடலில் கலந்திருக்கும் நாட்களில், அந்தக் கிருமியும் அதன் வயிற்றில்தான் சேரும். செத்து ஒதுங்கியது எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதும் தெரியாது.

கேள்வி: பாசித் தொல்லை தாங்க முடியவில்லை. ஏதாவது வழி?

பதில்: மெயின் நரம்பும், அதன் முன்னால் கட்டும் தடித்த நரம்பான லீடரும் சேரும் முடிச்சில்தான் பாசி கட்டிக்கொள்ளும். போகப் போகப் பருமனாகும் ஒரே துண்டு லீடர் கட்டினால் முடிச்சு சிறிதாகும், பாசி பெரும்பாலும் வழுக்கிக் கீழே போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள். பாசி கரை முழுக்கச் சமமாக இருக்காது. ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளி நடந்தால் சுத்தமாக இருக்கும். நடக்கச் சோம்பல்பட்டு ஒரு மாலை முழுக்கப் பாசி பிரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெரிய அலையில் ஈயம் நிற்க வேண்டும் என்று 150 கிராம் போட்டேன். எறியும்போது நரம்பு படாரென்று அறுந்து ஈயம் எங்கோ பறந்துவிட்டது. நரம்பு புதிதுதான். ஏன்?

பதில்: லீடர் போடவில்லை என்று நினைக்கிறேன். இது மீன் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. பறக்கும் 150 கிராம் ஈயம் ஒரு மனிதரின் தலையில் பட்டால் உயிர் போகும். தயவுசெய்து இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் பத்து பவுண்டு வலுவுள்ள லீடர். 150 கிராமுக்கு 60 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம், கோலைப் போல இரண்டு மடங்கும், அதற்கு மேல் ரீலில் ஆறேழு சுற்றும். எறியும்போது வரும் அதிர்ச்சி முழுவதையும் லீடர் தாங்கும். பின்னால் வரும் 0.35 மில்லிமீட்டர் நரம்பு பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எறிவதற்கு முன் லீடரை விரலால் தடவிப் பாருங்கள். மணலில் உரசிச் சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது கட்டுங்கள். குளிரில் முடிச்சுப் போடக் கை வராது என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. நான் வீட்டிலேயே நாலைந்து லீடர் கட்டி எடுத்துக்கொண்டு போவேன்.

இன்னொன்று, வெறும் குண்டு ஈயத்தின் எடையை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. கம்பிக் கால் வைத்த ஈயம் வாங்குங்கள். அது மணலில் நங்கூரம் மாதிரி ஊன்றிக்கொள்ளும், இழுக்கும்போது கால் மடங்கி எளிதாக வந்துவிடும். எறிந்ததும் உடனே நரம்பை இறுக்காதீர்கள். ஈயம் அடியில் பட்ட பிறகும் சில மீட்டர் நரம்பை விட்டுவிட்டு, அப்புறம் மெதுவாக இறுக்கினால் கால் நன்றாகப் பதியும்.

கேள்வி: அலை இழுப்பது எது, மீன் கடிப்பது எது என்றே எனக்குத் தெரிவதில்லை. கோல் நுனி எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: கொஞ்ச நேரம் மீனை மறந்துவிட்டு நுனியை மட்டும் பாருங்கள். அலைக்கு ஒரு தாளம் உண்டு. மெதுவாக வளைக்கும், ஒரு கணம் பிடித்து நிறுத்தும், மெதுவாக விடும். அடுத்த அலைக்கு மறுபடி அதேதான். மனதுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். மீனுக்குத் தாளம் கிடையாது. டொக், டொக் என்று இரண்டு குத்து, அலை விடும் நேரத்தில் வந்தால் அது மீன்.

புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுவது இன்னொரு வகைக் கடியை. வளைந்து நிற்கும் கோல் திடீரென்று நிமிர்ந்துவிடும். நரம்பு தொய்ந்து காற்றில் வளைந்து தொங்கும். ஈயம் பெயர்ந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். பெரிய மீன் இரையை எடுத்துக்கொண்டு கரையைப் பார்த்து வரும்போது ஈயத்தின் கால் பிடுங்கிக்கொள்ளும். அதன் அடையாளம்தான் இந்தத் தொய்வு. உடனே கோலை எடுத்து, நரம்பு இறுகும் வரை சுற்றிக்கொண்டே பின்னால் நடங்கள். கனம் தெரிந்த பிறகு கோலைத் தூக்கினால் போதும், வெட்டி இழுக்க வேண்டியதில்லை.

நான் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, ரீலுக்கு மேலே நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு நிற்பேன். ஈர நரம்பு குளிரில் கம்பி மாதிரி விரலை அறுக்கும். கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், அப்போது விரலை மாற்றிக்கொள்வேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கடி விரலுக்குத் தெரியும். நண்டு இரையைக் கிள்ளும்போது நரம்பில் மணல் உரசுகிற மாதிரி ஒரு சின்ன அரிப்பு வரும். தட்டை மீன் என்றால் முதலில் ஒரு நடுக்கம், அப்புறம் நீண்ட அமைதி. அந்த அமைதியில் அவசரப்படாமல் இரண்டு நிமிடம் கொடுத்தால் இரையை முழுக்க விழுங்கிவிடும். சிறிய மீனை உயிரோடு திருப்பி விட நினைப்பவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், முள் தொண்டைக்குள் போய்விடும்.

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புயல் முடிந்தால் போதும், இரவில் தனியாகத் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறார். திரும்பி வரும் வரை எனக்குத் தூக்கம் இல்லை. போகாதே என்றால் சண்டை வருகிறது. அவருக்கு இந்தப் பக்கம் மிகவும் பிடிக்கும். நீங்கள் சொன்னால் கேட்பார். என்ன சொல்வது?

பதில்: சகோதரி, அவரிடம் இதை அப்படியே படிக்கக் கொடுங்கள்.

எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது, புயல் ஓய்ந்த இரண்டாம் நாள், நல்ல கனமான மீன் ஒன்று கரைக்குப் பத்தடி வரை வந்துவிட்டது. தண்ணீர் பின்வாங்கும்போது அதையும் இழுத்துக்கொண்டு போனது. நான் கோலைப் பிடித்துக்கொண்டே நாலு எட்டு உள்ளே இறங்கி, குனிந்து லீடரைப் பிடித்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியபோது அடுத்த அலை என் இடுப்புக்கு மேலே வந்து விழுந்தது. காலடியில் மணல் சரிந்தது. தண்ணீர் மூக்கில் ஏறியதைவிட மோசமானது அந்தக் குளிர். நெஞ்சை யாரோ இறுக்கிக் கட்டிய மாதிரி மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. கத்த முடியவில்லை. உடன் வந்த நண்பர் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். அன்று நான் தனியாகப் போயிருந்தால் இந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அந்த மூச்சுத் திணறலை இப்போது விவரமாகப் புரிந்துகொண்டேன். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்ந்த நீரில் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்பவர் 1, 10, 1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். உறையும் அளவுக்குக் குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரத்தான். அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் நம் பேச்சைக் கேட்கும். நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம் ஆகும். குளிர் கொல்வதற்கு நிறைய நேரம் எடுக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பெரும்பாலும் உயிர் போவது முதல் நிமிடத்துப் பதற்றத்தில் தண்ணீரைக் குடிப்பதால்தான். பிரிட்டனில் 1824 முதல் கடலில் ஆட்களைக் காப்பாற்றிவரும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு சொல்வதும் இதுதான்: விழுந்தால் உடனே நீந்தாதே, மல்லாந்து, காது நனையத் தலையைச் சாய்த்து மித, மூச்சு சீரான பிறகு மற்றதைப் பார். இதை உங்கள் கணவர் மட்டுமில்லாமல் நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை அறிக்கையில் அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். தனி ஒரு அலை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனவுடன் கோலைப் பிரிக்காமல், உயரமான இடத்தில் இருபது நிமிடம் நின்று கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இருபது நிமிடத்தில் மிகப் பெரிய அலை எதுவரை நனைத்ததோ, அதற்கும் பத்து எட்டு மேலே நிற்க வேண்டும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காட்டும் ஓத அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது. அது நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். காற்றும் கரைப்பக்கம் தள்ளினால், அட்டவணையில் இருப்பதைவிட அரை மீட்டர் கூடுதலாகத் தண்ணீர் ஏறி, திரும்பி வரும் வழியை மூடிவிடும்.

மற்றது உடை. வெப்பம் 5 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் தோலுக்கு அது 0 டிகிரி மாதிரிதான். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை. இடுப்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை போடுகிறார் என்றால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கு மேல் தானாக ஊதிக்கொள்ளும் மெல்லிய மிதவைச் சட்டை. சூடேற்ற மது குடிப்பது கூடவே கூடாது, அது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். மின்னல் தெரிந்தால் கோலைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போக வேண்டும், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

மீன் கரைக்கு வரும்போது அதை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. தண்ணீர் பின்வாங்கும்போது நரம்பை விட்டுக்கொடுத்து, அடுத்த அலை உள்ளே வரும்போது அதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே பின்னால் நடந்தால், அலையே அதை ஈர மணலில் வைத்துவிட்டுப் போகும். வைக்காமல் திரும்பக் கொண்டுபோனால், போகட்டும்.

நான் அவருக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன் சகோதரி. அந்த இரவின் இழுப்பு எனக்குத் தெரியும். தனியாகப் போகாதே என்றுதான் சொல்வேன். துணை கிடைக்காத இரவில் போகக் கூடாது. எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்த மணியைத் தாண்டி அரை மணி நேரம் ஆனால், நீங்கள் தயங்காமல் கடலோர மீட்புப் படையைக் கூப்பிடலாம் என்று இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீலுக்குள் மணல் போய்க் கரகரவென்று சத்தம் வருகிறது. குழாயை வேகமாகத் திறந்து கழுவலாமா?

பதில்: வேகமாக அடித்தால் மணலும் உப்பும் இன்னும் உள்ளேதான் போகும். டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு) இறுக்கிவிட்டு, மெதுவாக விழும் நீரில் மேலாகக் கழுவி, துணியால் துடைத்து, டிராக்கைத் தளர்த்திக் காயவிடுங்கள். கரகரப்பு நிற்காவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்க வேண்டும். இனி கோலை மணலில் கிடத்தாமல் எப்போதும் தாங்கியிலேயே வையுங்கள், அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் எழுதுங்கள்.